வீடு சேர 16 நிமிஷம்

விசுவாச வீரர் வரிசை: ரிக் ஹஸ்பண்ட் (1957 – 2003)



ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வந்தால் நம்ம சபையில் எவ்வளவு சந்தோஷம்! ஒருவர் எழும்பி, பஸ் கவிழ்ந்தும் ஒரு கீறல்கூட இல்லாமல் கர்த்தர் காப்பாற்றினார் என்பார். இன்னொருவர், டாக்டர் கைவிட்ட குழந்தை பிழைத்தது என்பார். நாமும் கைதட்டி அல்லேலூயா சொல்லுவோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு சகோதரியை நான் அறிவேன். அவர்கள் கணவர் லாரி ஓட்டினவர். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அவர் தலையில் கைவைத்து ஜெபம்பண்ணித்தான் அனுப்புவார்கள். ஒரு நாள் அவர் திரும்பி வரவில்லை. ஒரு கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு அந்தச் சகோதரி என்னிடத்தில் வந்து, நானும் ஜெபித்துத்தானே அனுப்பினேன், எனக்குச் சொல்ல ஒரு சாட்சியும் இல்லையா என்று கேட்டார்கள். நான் அன்றைக்குச் சரியான பதில் சொல்லவில்லை. ஏதோ ஒரு வசனத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்களுக்காகவும், அவர்களைப்போல் நம் நடுவில் மௌனமாக உட்கார்ந்திருக்கிற அநேகருக்காகவும் இந்த மாதம் ஒரு மனிதருடைய வாழ்க்கையை எழுதுகிறேன். அவரும் ஜெபித்துவிட்டுத்தான் போனார். திரும்பி வரவில்லை.

நாலு வயதில் பிறந்த ஆசை

ரிக் டக்ளஸ் ஹஸ்பண்ட் 1957 ஜூலை 12-ம் தேதி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அமரில்லோ என்கிற ஊரில் பிறந்தார். அவருக்கு ஏறக்குறைய நாலு வயதாக இருக்கும்போதுதான் அமெரிக்கா முதல்முறையாக மனிதரை ராக்கெட்டில் அனுப்ப ஆரம்பித்தது. அதை டி.வி.யில் பார்த்த அந்தச் சிறுவனுடைய உள்ளத்தில் நானும் ஒரு நாள் போவேன் என்கிற ஆசை விழுந்தது. நம்ம வீட்டுப் பிள்ளைகளும் சொல்லுவார்கள், இன்றைக்கு டாக்டர் என்பார்கள், நாளைக்கு டிரைவர் என்பார்கள். ஆனால் இந்தப் பையனுக்கு அந்த ஆசை மாறவே இல்லை.

பள்ளிப் பருவத்திலேயே சிறிய விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். கல்லூரியில் படிக்கும்போது, விண்வெளி வீரனாக வேண்டுமானால் என்ன தகுதி வேண்டும் என்று கேட்டு நாசாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். வந்த பதிலைப் பார்த்து அதன்படியே தன் வாழ்க்கையை வரிசைப்படுத்திக்கொண்டார். 1980-ல் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்று விமானப் படையில் சேர்ந்தார். போர் விமானம் ஓட்டினார். பிறகு சோதனை விமானி ஆனார். புதிதாகச் செய்த விமானத்தையும், மாற்றம் செய்த விமானத்தையும் முதலில் ஓட்டிப் பார்த்து அதில் என்ன குறை என்று கண்டுபிடிக்கிறவர்தான் சோதனை விமானி. 1990-ல் கலிபோர்னியாவில் முதுகலைப் பட்டமும் வாங்கினார். இங்கிலாந்து விமானப் படையோடும் கொஞ்ச காலம் பணியாற்றினார். 40-க்கும் அதிகமான விமான வகைகளில் 3,800 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர் அவர்.

மூன்று முறை கிடைக்காதது

இவ்வளவு தகுதி இருந்தும் நாசாவில் உடனே இடம் கிடைத்ததா? இல்லை. மூன்று முறை விண்ணப்பித்தார், மூன்று முறையும் கிடைக்கவில்லை. நாலாவது முறைதான், 1994 டிசம்பரில், அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 37. நாலு வயதில் கேட்டது முப்பத்து மூன்று வருஷம் கழித்துக் கிடைத்தது!

ஆனால் தேவ பிள்ளையே, அந்த முப்பத்து மூன்று வருஷத்துக்குள் அந்த மனிதருக்குள்ளேயே ஒரு மாறுதல் நடந்தது. அதுதான் முக்கியம். முதலில் அந்த ஆசை அவருக்கு எல்லாவற்றுக்கும் மேலாக இருந்தது. கர்த்தரிடத்தில் நெருங்க நெருங்க, ஆசை இருந்த இடத்தில் ஆண்டவர் வந்தார். ஆசை இரண்டாவது இடத்துக்குப் போனது. பிற்பாடு அவர் வெளிப்படையாகவே சொல்லிவந்தது என்னவென்றால், விண்வெளி வீரனாகி, அதற்காகக் குடும்பத்தைப் பலிகொடுத்திருந்தாலோ, தேவனுக்கு மகிமை கொண்டுவராமல் வாழ்ந்திருந்தாலோ, வாழ்க்கையின் முடிவில் திரும்பிப் பார்த்து மிகவும் வருந்துவேன் என்பதுதான். உலகம் முழுவதையும் ஆதாயப்படுத்தினாலும் ஆத்துமாவை நஷ்டப்படுத்தினால் லாபம் ஏது என்று ஆண்டவர் கேட்டாரே (மத். 16:26), அந்தக் கேள்விக்கு உலகத்தையே மேலே இருந்து சுற்றிப் பார்த்தவர் கொடுத்த பதில் இது.

ஹூஸ்டன் நகரத்துப் பக்கத்தில் கிரேஸ் கம்யூனிட்டி சபையில் குடும்பமாக ஆராதித்தார். அவருக்கு நல்ல சாரீரம். பாடகர் குழுவில் நின்று பாடுவார். யாராவது கையெழுத்து வாங்க வந்தால், தன் பெயரோடு நீதிமொழிகள் 3:5,6 என்றும் சேர்த்து எழுதிக் கொடுப்பார். சொந்த அறிவின்மேல் சாயாமல் கர்த்தரையே முழு இருதயத்தோடும் நம்பச் சொல்லுகிற பகுதி அது. கவனியுங்கள், எழுதினது படிப்பில்லாத மனிதர் அல்ல. சொந்த அறிவு நிறையவே இருந்த ஒருவர்!

முதல் பயணம், இரண்டாம் பயணம்

1999 மே 27-ம் தேதி டிஸ்கவரி விண்கலத்தில் விமானியாக முதல்முறை விண்வெளிக்குப் போனார். அப்போதுதான் கட்ட ஆரம்பித்திருந்த சர்வதேச விண்வெளி நிலையத்தோடு ஒரு விண்கலம் போய் இணைந்தது அதுவே முதல் தடவை. பத்து நாளில் பூமியை 153 சுற்று சுற்றி, ஜூன் 6-ம் தேதி பத்திரமாக வந்து இறங்கினார்.

இரண்டாவது பயணத்துக்கு அவரையே தளபதியாக வைத்தார்கள். கலத்தின் பெயர் கொலம்பியா. 1981-ல் முதன்முதல் பறந்த விண்வெளி ஓடம் அதுதான். இவர்கள் போனது அதன் 28-வது பயணம். ஏழு பேர். ரிக் ஹஸ்பண்ட், வில்லியம் மெக்கூல், மைக்கேல் ஆண்டர்சன், டேவிட் பிரவுன், லாரல் கிளார்க், நம்முடைய இந்தியாவில் அரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா, இஸ்ரவேல் தேசத்தின் முதல் விண்வெளி வீரரான இலான் ராமோன். ராமோனுடைய தாயார் ஆஷ்விட்ஸ் கொலை முகாமிலிருந்து உயிரோடு தப்பினவர். பெர்கன்-பெல்சன் என்கிற வதை முகாமில் யூதர் மறைவாக வாசித்த ஒரு சிறிய தோராச் சுருளை அவர் தம்மோடு எடுத்துப் போனார். ஆண்டர்சன் ஹஸ்பண்டுடைய சபையைச் சேர்ந்த சகோதரர்தான்.

அந்தப் பயணம் சீக்கிரத்தில் புறப்படவில்லை. தள்ளித் தள்ளிப் போனது. 2002-ல் விண்கலங்களின் எரிபொருள் குழாய்களுக்குள் சிறு வெடிப்புகளைக் கண்டுபிடித்து, எல்லாக் கலங்களையும் நிறுத்திவைத்துச் சரிபண்ணினார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறை கண்ணில் பட்டபோது நின்று சரிபண்ணவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்தினவர்

எசேக்கியா ராஜாவுக்கு, உன் வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்து என்று தீர்க்கதரிசி வந்து சொல்லவேண்டியதாயிருந்தது (ஏசா. 38:1). ஹஸ்பண்டுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. அவரே செய்தார்.

என்ன செய்தார் தெரியுமா? அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். தான் வானத்தில் இருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக, மகளுக்கு 17, மகனுக்கு 17 என்று தனித்தனியே வேத தியானங்களை வீடியோவில் பதிவுபண்ணி வீட்டில் வைத்துவிட்டுப் போனார். பயிற்சி, பரீட்சை, கூட்டம் என்று மூச்சுவிட நேரமில்லாத நாட்களில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து முப்பத்து நாலு தடவை பிள்ளைகளோடு பேசினார். அப்பா ஊரில் இல்லாததனால் குடும்ப ஜெபம் நின்றுபோகக் கூடாது என்கிற பாரம் அவருக்கு. பிரியமானவர்களே, நாம் ஊரிலேதான் இருக்கிறோம், வீட்டிலேதான் இருக்கிறோம். நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து வேதம் வாசித்து எத்தனை நாளாச்சு?

இன்னொரு காரியம். விண்வெளிக்குப் போகிறவர்கள் திரும்பாமல் போனால் என்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டியே சில தாள்களில் எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தத் தாளில் அவர் தம்முடைய போதகருக்கு ஒரு வேண்டுகோள் எழுதி வைத்தார். அது என்ன என்று கடைசியில் சொல்லுகிறேன்.

2003 ஜனவரி 16, வியாழக்கிழமை. ஏழு பேரும் ஆரஞ்சு நிற உடையைப் போட்டுக்கொண்டு வெளியே புறப்படவேண்டிய நேரம். வெளியே கேமராக்களும் ஜனங்களும் காத்திருக்கிறார்கள். கதவு திறப்பதற்கு முன்பு தளபதி எல்லாரையும் நிறுத்தி, சேர்ந்து ஜெபம்பண்ணினார். பிறகு கலத்துக்குள் உட்கார்ந்து, புறப்படும் நேரத்தில் தரையிலுள்ளவர்களோடு பேசும்போதும், இவ்வளவு நல்ல நாளைக் கர்த்தர் கொடுத்திருக்கிறார் என்று வெட்கப்படாமல் சொன்னார். புளோரிடா நேரப்படி காலை 10:39-க்கு கொலம்பியா எழும்பினது.

ஒரு துண்டு நுரை

எழும்பி 82-வது விநாடி. பெரிய எரிபொருள் தொட்டியின் மேலே குளிர் காக்க ஒட்டியிருந்த நுரைப் பூச்சிலிருந்து ஒரு துண்டு உடைந்தது. முக்கால் கிலோ எடை இருக்கும். நம்ம ஊரில் மீன் பெட்டிக்குப் பயன்படுத்துகிற தெர்மோகோல் மாதிரி லேசான பொருள்தான். ஆனால் மோதின வேகம் மணிக்கு சுமார் 800 கிலோமீட்டர். இடது இறக்கையின் முன்விளிம்பில், வெப்பத்தைத் தாங்குகிற கார்பன் தகட்டில் அது அடித்தது.

மேலே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் தரையில் படச்சுருளைப் பார்த்த பொறியாளர்கள் கவலைப்பட்டார்கள். இறக்கையில் சேதம் உண்டா என்று பார்க்க ராணுவத்தின் கேமராக்களால் படம் எடுத்துத் தாருங்கள் என்று மூன்று தனித்தனியான வேண்டுகோள்கள் எழும்பின. ஒன்றும் நிறைவேறவில்லை. முந்தின பயணங்களிலும் நுரை உடைந்து விழுந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை, இப்போதும் ஆகாது என்று பொறுப்பில் இருந்தவர்கள் எண்ணிவிட்டார்கள். ஜனவரி 23-ம் தேதி தளபதிக்கும் விமானிக்கும் ஒரு செய்தி போனது. நுரை பட்டது, ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை என்பது அதன் சாரம். அவர்கள் அதை நம்பி, நன்றி சொல்லி, தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

வேலை என்ன குறைவா? சுமார் 80 ஆராய்ச்சிகள். இரண்டு குழுவாகப் பிரிந்து, ஒரு குழு தூங்கும்போது மற்றக் குழு விழித்து, 24 மணி நேரமும் செய்தார்கள்.

ஜனவரி 28-ம் தேதி வந்தது. 1986-ல் அதே தேதியில்தான் சாலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73-வது விநாடியில் சிதறி ஏழு பேர் மாண்டார்கள். அதற்கு முந்தின தினம், ஜனவரி 27, 1967-ல் அப்பல்லோ 1 தரையில் ஒத்திகையின்போது தீப்பிடித்து மூன்று பேர் மாண்ட நாள். ஹஸ்பண்ட் வானத்திலிருந்து அவர்களை நினைவுகூர்ந்து பேசினார். அவர்களுடைய குடும்பங்களுக்காக எங்கள் ஜெபங்கள் உண்டு என்று சொன்னார். ஏழு பேரும் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தார்கள். இது நடந்து நாலே நாளில், அவர் யாருக்காக ஜெபம் சொன்னாரோ அந்தக் குடும்பங்களின் வரிசையில் அவருடைய குடும்பமும் சேர்ந்துவிட்டது.

சனிக்கிழமை காலை

2003 பிப்ரவரி 1. பதினாறு நாள் வேலை முடிந்து வீடு திரும்புகிற நாள். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே வரும்போது எஞ்சினை இயக்கி வேகத்தைக் குறைத்தார்கள். பசிபிக் கடலின்மேல் காற்று மண்டலத்துக்குள் நுழைந்தார்கள். அந்த நேரத்தில் இறக்கையின் முன்விளிம்பில் சூடு 1500 டிகிரி செல்சியஸுக்கும் மேலே போகும். தகடு முழுசாக இருந்தால் தாங்கும். ஓட்டை இருந்தால்? அனல் உள்ளே புகுந்து, இறக்கைக்குள் இருந்த அலுமினியத்தை உருக்க ஆரம்பித்தது.

புளோரிடா ஓடுதளத்தில் குடும்பத்தார் நின்றுகொண்டிருந்தார்கள். இறங்கும் நேரம் 9:16. பெரிய கடிகாரம் நிமிஷங்களைக் குறைத்துக்கொண்டே வந்தது. 9 மணிக்குச் சற்று முன்பு தரையிலிருந்து கேட்டதற்கு ஹஸ்பண்ட் பதில் சொல்ல ஆரம்பித்தார். பாதி வார்த்தையில் சத்தம் நின்றுபோனது. டெக்சாஸின் மேலே, சுமார் 61 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 20,000 கிலோமீட்டர் வேகத்தில் கொலம்பியா உடைந்தது. வீடு சேர 16 நிமிஷம்தான் பாக்கி. உடைந்ததும் அவருடைய சொந்த மாநிலத்தின் வானத்தில்.

நம்ம நாட்டில் அப்போது இரவு ஏழரை மணி. கர்னாலில் கல்பனா படித்த பள்ளியில் அவர் இறங்குவதைக் கொண்டாடப் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். கொண்டாட்டம் அழுகையாக மாறினது.

கிழக்கு டெக்சாஸின் காடுகளிலும் வயல்களிலும் துண்டுகள் விழுந்தன. 25,000-க்கும் அதிகமானவர்கள் வரிசையாக நடந்து தேடினார்கள். சுமார் 84,000 துண்டுகள் கிடைத்தன. அப்படியும் கலத்தில் 38 சதவீதம்தான். தேடின ஒரு ஹெலிகாப்டர் விழுந்து இன்னும் இரண்டு பேர் உயிரைக் கொடுத்தார்கள். ஹெம்பில் என்கிற சின்ன ஊரின் ஜனங்கள் தேடுகிறவர்களுக்கு மாதக் கணக்கில் சமைத்துப் போட்டார்கள். ஏழு பேருடைய சரீரங்களின் பாகங்கள் கிடைத்த இடங்களில் அந்த ஊர்ப் போதகர் ஒருவர் காட்டுக்குள் நின்று ஜெபித்து, மரியாதையோடு அனுப்பிவைத்தார். அந்தப் போதகரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளுகிறேன். பெரிய மேடை இல்லை, மைக் இல்லை. முள்ளும் சேறும்தான். ஆனால் அதுவும் ஊழியம்தானே!

பாபேல் கோபுரமா? சீலோவாம் கோபுரமா?

அந்த நாட்களில் நான் வேதாகமக் கல்லூரி மாணவன். மறுநாள் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசினவர் இந்தச் செய்தியை எடுத்து, இது பாபேல் கோபுரத்துக்கு வந்த நியாயத்தீர்ப்பு என்றார். வானம் தேவனுடையது, மனுஷனுக்குப் பூமி போதும் என்று சங்கீதம் 115:16-ஐயும் காட்டினார். ஜனங்கள் ஆமென் சொன்னார்கள். நானும் சேர்ந்து ஆமென் சொன்னேன். பிற்பாடு ஹஸ்பண்டின் வாழ்க்கையை அறிந்தபோது அந்த ஆமென் என் தொண்டையில் முள்ளாகக் குத்தினது.

பாபேலில் தேவன் கோபப்பட்டது செங்கல் உயரமாகப் போனதற்காகவா? தங்களுக்குப் பேர் உண்டாக்கவேண்டும் என்று நினைத்தார்களே, அதற்காக (ஆதி. 11:4). ஹஸ்பண்ட் உயரப் போனது தன் பேருக்காக அல்ல. வானத்தை அண்ணாந்து பார்த்து, சந்திரனையும் நட்சத்திரங்களையும் கண்டு, மனுஷன் எம்மாத்திரம் என்று தாவீது வியந்தானே (சங். 8), அதே வியப்பு அவருக்குக் கொஞ்சம் கிட்டத்தில் கிடைத்தது. வானத்துக்கு ஏறினாலும் தேவன் அங்கேயும் இருக்கிறார் என்றல்லவா வேதம் சொல்லுகிறது (சங். 139:8)?

நாம் வாசிக்கவேண்டிய கோபுரம் வேறே. சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று ஆண்டவரே பதிலும் சொன்னார் (லூக். 13:4,5). செத்தவர்கள்மேல் குற்றம் தேடாதே, நீ உன்னைப் பார்த்துக்கொள் என்பது அதன் அர்த்தம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் உடனே அங்கே என்ன பாவமோ என்று காதோடு காது பேசுகிற பழக்கம் விசுவாசிகளிடத்திலும் உண்டு. இதை விட்டுவிடவேண்டும்.

அப்படியானால் காரணமே இல்லையா? உண்டு. மறைக்கவும் கூடாது. அட்மிரல் கெமன் என்பவர் தலைமையில் ஒரு குழு விசாரித்தது. ஜூலை மாதம் ஒரு சோதனை செய்தார்கள். அதே மாதிரி நுரைத் துண்டை அதே வேகத்தில் அதே தகட்டின்மேல் அடித்துப் பார்த்தார்கள். சுமார் 16 அங்குல ஓட்டை விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். அந்தக் குழு 2003 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில், நுரை எவ்வளவு காரணமோ அவ்வளவு நாசாவின் நடைமுறையும் காரணம் என்று எழுதினது. சிறியவர்கள் சொன்னது பெரியவர்கள் காதில் ஏறவில்லை. பழகிப்போன குறை குறையாகவே தெரியவில்லை. திராட்சத்தோட்டத்தைக் கெடுப்பது சிறிய நரிகள் (உன். 2:15). போன தடவை ஒன்றும் ஆகலையே என்கிற பேச்சு எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது! தேய்ந்த டயரோடு வேனை எடுக்கிறோம். இழுத்துக் கட்டின ஒயரில் கன்வென்ஷன் பந்தலுக்கு லைட் போடுகிறோம். கேட்டால், ஜெபித்துவிட்டோம், கர்த்தர் பார்த்துக்கொள்ளுவார் என்கிறோம். தேவாலயத்து உப்பரிகையின்மேல் நின்ற ஆண்டவர், தேவனைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று சொல்லிக் குதிக்க மறுத்துவிட்டாரே (மத். 4:7). ஜெபம் கவனக்குறைவுக்குப் போர்வை அல்ல.

அறிக்கைக்குப் பிறகு நாசா திருந்தினது. 2005 ஜூலையில் மறுபடியும் பறக்க ஆரம்பித்தபோது, மேலே போனவுடனே கலத்தின் இறக்கைகளைப் பரிசோதிக்கிற முறையைக் கொண்டுவந்தார்கள். 2011-ல் விண்வெளி ஓடங்களை ஓய்வுபெறச் செய்யும்வரை இன்னொரு உயிர் அவற்றில் போகவில்லை.

ஒரே அதிகாரம், இரண்டு முடிவு

சரி, இப்போது அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். அவர் ஜெபித்தாரே, கர்த்தர் ஏன் காப்பாற்றவில்லை?

எபிரெயர் 11-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். விசுவாசத்தினாலே சிலர் பட்டயத்துக்குத் தப்பினார்கள் என்று 34-ம் வசனத்தில் இருக்கிறது. நாம் அங்கே அண்டர்லைன் பண்ணி, அங்கேயே வேதத்தை மூடிவிடுகிறோம். மூன்று வசனம் தள்ளி 37-க்கு வாருங்கள். பட்டயத்தினால் வெட்டுண்டு செத்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஒரே அதிகாரம், ஒரே விசுவாசம், இரண்டு முடிவு! தப்பினவனுக்கு விசுவாசம் அதிகம், செத்தவனுக்குக் குறைவு என்று வேதம் சொல்லவே இல்லை. இரண்டு கூட்டத்தாரையும் ஒரே பட்டியலில் வைத்து நற்சாட்சி பெற்றவர்கள் என்கிறது. அப்போஸ்தலர் 12-ல் சபை ஜெபித்தது, பேதுருவைத் தூதன் வந்து விடுதலையாக்கினான். ஆனால் அதே அதிகாரத்தின் ஆரம்பத்தில் யாக்கோபு பட்டயத்துக்கு இரையானான். யாக்கோபுக்காகச் சபை ஜெபிக்காமலா இருந்திருக்கும்?

அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர்கள், எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்றதோடு நிறுத்தவில்லை. தப்புவிக்காமல் போனாலும் எங்கள் தீர்மானம் மாறாது என்றார்கள் (தானி. 3:17,18). அந்த இரண்டாம் பாதியைப் பிரசங்கிக்க நமக்குப் பயம். ஜனங்கள் வரமாட்டார்களோ என்று பயம். ஆனால் இரண்டாம் பாதியைச் சொல்லாத சபையில், கணவனைப் பறிகொடுத்த சகோதரிக்கு உட்கார இடமிருக்காது. இதை மற்ற ஊழியக்காரரைக் குறித்து எழுதவில்லை, என்னைக் குறித்தே எழுதுகிறேன்.

விசுவாசம் என்பது எப்படியும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவேன் என்கிற உத்தரவாதம் அல்ல. எந்த வீட்டுக்குப் போனாலும் ஆயத்தமாகப் போகிறேன் என்கிற நிச்சயம். பிழைத்தாலும் மரித்தாலும் நாம் கர்த்தருடையவர்கள் (ரோமர் 14:8). ஹஸ்பண்ட் ஆபத்தை அறியாமல் போனவர் அல்ல. சாலஞ்சரை அறிந்தவர், சோதனை விமானியாக இருந்தவர். புதிய இடத்துக்குப் போகிற வேலையில் இது உண்டு என்று தெரிந்தே போனார். கடலுக்குப் போகிறவரும், ராத்திரி பஸ் ஓட்டுகிறவரும், கிணறு வெட்ட இறங்குகிறவரும் அப்படித்தான் போகிறார்கள். ஆகையால் அவர் செய்த ஆயத்தம் நமக்கு மிகவும் அவசியம்.

தாளில் எழுதினது

போதகருக்கு அவர் எழுதி வைத்தது என்ன என்று சொல்லுகிறேன் என்றேனே. நான் திரும்பாமல் போனால், என் பதவியைப்பற்றியோ சாதனையைப்பற்றியோ எழுதவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஜனங்களுக்கு இயேசுவைப்பற்றிச் சொல்லுங்கள், எனக்கு அவர் மெய்யானவர் என்று சொல்லுங்கள் என்பதே அவர் கேட்டது. அவ்வளவுதான். உலகமெங்கும் அந்த நாட்களில் அது சொல்லப்பட்டது.

அவருடைய ஊரான அமரில்லோவில் அவரை அடக்கம்பண்ணினார்கள். அந்த ஊர் விமான நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். நம்ம நாடும் பிப்ரவரி 5-ம் தேதி ஒரு வானிலைச் செயற்கைக்கோளுக்குக் கல்பனா என்று பெயரிட்டது. நல்லதுதான். ஆனால் அந்த வீட்டில் இருந்த முப்பத்து நாலு தியானங்களை எந்த விமான நிலையத்தோடும் ஒப்பிட முடியாது. அப்பா போன பிறகும் அப்பாவின் குரல் அந்த வீட்டில் வேதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தச் சகோதரிக்கு இப்போது சொல்லுகிறேன். அக்கா, நீங்கள் ஜெபித்து அனுப்பின ஒரு ஜெபமும் தரையில் விழவில்லை. உங்கள் வீட்டுக்காரர் கர்த்தருடையவராகப் புறப்பட்டார், கர்த்தருடையவராகவே போனார். அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் நீங்கள் எழும்பி நின்றால் போதும். ஒன்றும் சொல்லவேண்டாம். இவ்வளவு நடந்தும் நீங்கள் இன்னும் கர்த்தரை விடவில்லை என்பதே சாட்சி. நாங்கள் ஸ்தோத்திரம் சொல்லுகிறோம்.

ஜெபிப்போமா?

அன்பின் பரம தகப்பனே, வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரே, உமக்கு ஸ்தோத்திரம். திரும்பி வந்தவர்களுக்காகவும், திரும்பி வராதவர்களுக்காகவும் உமக்கு ஸ்தோத்திரம். காத்திருந்து வெறுங்கையோடு வீடு போன குடும்பங்களை ஆற்றித் தேற்றும். எச்சரிப்பு வரும்போது கேட்கிற காதை எங்களுக்குத் தாரும். கிளம்புகிற ஒவ்வொரு நாளும் ஆயத்தமாகக் கிளம்பவும், எங்கள் பிள்ளைகளுக்கு உம்முடைய வார்த்தையை விட்டுச்செல்லவும் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஜீவனுள்ள பிதாவே. ஆமென்.